தேசப் பாதுகாப்பு என்று சொல்லி விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கலாமா?

வைக்கலாம் என்பதுதான் கசப்பான பதில். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவே தடுப்புக் காவலுக்கு இடம் தருகிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டப்படி, குற்றப்பத்திரிகை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். மூன்று மாதத்தைத் தாண்ட, காவல் சரியா என்று பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான்.

மதராஸ் மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் இதை எதிர்த்து 1950இலேயே உச்ச நீதிமன்றம் போனார். தோற்றார். ஆனால் காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்ற விதி அந்த வழக்கில்தான் செல்லாமல் போனது. என்னைக் கேட்டால் சமநிலையே இதுதான்: அதிகாரம் இருக்கட்டும், காரணத்தை ஒரு நீதிபதி பார்த்தே ஆக வேண்டும். நெருக்கடி நிலையின்போது, 1976இல், காவலை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் அந்தக் கதவும் மூடியது. சென்னை மத்திய சிறையில் மிசா என்ற அன்றைய தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் அடிபட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு உயிரையே இழந்தார்.

சரி, உங்கள் வீட்டில் ஒருவரைப் பிடித்தால்? காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள். உடனே அரசுக்கு முறையீடு அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்கத் தாமதமானதற்காகவே பல காவல் ஆணைகளை ஆட்கொணர்வு மனுக்களில் (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் மனுக்கள்) சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.