உலோகமும் அலோகமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (திருமங்கலம், பத்தாம் வகுப்பு): சார், திரவமாக இருக்கும் ஒரே உலோகம் பாதரசம்தானா?

பதில்: 25 டிகிரியில் அப்படித்தான். சீசியம் 28.5 டிகிரியிலும் காலியம் 29.8 டிகிரியிலும் உருகிவிடும். சித்திரை வெயிலில் மதுரையில் அலமாரியில் வைத்தாலே காலியம் தண்ணியாகிவிடும்மா. பரீட்சையில் ‘அறை வெப்பநிலையில்’ என்ற சொல்லை விடாமல் எழுது. அலோகத்தில் திரவம் புரோமின்.

கேள்வி (மேலூர்): பாட்டி காலத்து வளையல். 22 காரட்தானா என்று வீட்டிலேயே தண்ணீரில் பார்க்கலாமாமே?

பதில்: பார்க்கலாம். சமையலறைத் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டுவது வேண்டும். முதலில் வளையலை எடை போடுங்கள். பிறகு பாதித் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். வளையலை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொட்டால் கணக்கு போச்சு. இப்போது தராசு காட்டுவது வளையல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

22 காரட் என்றால் 17.7ஐ ஒட்டி வரும். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் வளையலுக்குத் தராசு 0.90 காட்ட வேண்டும். அதே எடைப் பித்தளை 1.9 காட்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நல்ல தங்கமும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, வளையலை ஒருமுறை ஆட்டிவிடுங்கள். கல் பதித்தது, அரக்கு அடைத்தது, உள்ளே கூடானது எதற்கும் இந்தச் சோதனை செல்லாது.

டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் 19.3தான், சொக்கத்தங்கத்துக்குச் சமம். அதை உள்ளே வைத்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. கடையில் உள்ள எக்ஸ்ரே காரட் இயந்திரமோ மேற்பரப்பை மட்டும் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் அதுவும் ஏமாறும். விற்கப் போகிறீர்கள் என்றால் உருக்கிப் பார்ப்பதே முடிவு: தங்கம் 1064 டிகிரியில் உருகும், டங்ஸ்டனுக்கு 3400க்கு மேல் வேண்டும்.

கேள்வி (உசிலம்பட்டி): எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டுகிறது. போலியா?

பதில்: எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். விளிம்பில் மட்டும் லேசாக ஒட்டினால், தகட்டை மடித்து அடித்ததால் வந்தது. 304 என்ற நல்ல எவர்சில்வர் ரகத்திலும் இது உண்டு. குடம் முழுக்க இறுக்கமாக ஒட்டினால் நிக்கல் இல்லாத ரகம். காந்தம் ஒட்டவே இல்லையென்றாலும் 304 என்று சொல்லிவிட முடியாது. விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது.

கேள்வி (மதுரை): அலோகம் மின்சாரம் கடத்தாது என்கிறார்கள். பென்சில் குச்சி கடத்துகிறதே?

பதில்: பென்சில் குச்சியில் உள்ள கிராபைட் (கார்பனின் ஒரு வடிவம்) விதிவிலக்கு. களிமண் குறைந்த 6பி பென்சிலில் சோதியுங்கள். எச்பியைவிட நன்றாகக் கடத்தும்.