இத்தாலியின் நவீனப் பண்பாட்டை அறிய ஃபிளாரன்ஸும் வெனிஸும் பார்த்தால் போதுமா?

போதாது. சுற்றுலாத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மைக்கேலாஞ்சலோவோடு இத்தாலியின் கதை முடிந்துவிட்டது போல எல்லோரும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

கார்லோ லேவியிடம் தொடங்குங்கள். வட இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர், மருத்துவம் படித்த ஓவியர். முசோலினியை எதிர்த்ததற்காக 1935-இல் அவரைத் தெற்கே லுக்கானியாவின் மலைக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அதை 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்று 1945-இல் புத்தகமாக்கினார். எபோலி என்ற ஊரோடு கிறிஸ்துவே நின்றுவிட்டார், எங்கள் பக்கம் வரவேயில்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் பேச்சு. அதில் வரும் குடியானவர்களுக்கு அரசாங்கம் என்பது ஆலங்கட்டி மழை, மலேரியா வரிசையில் வரும் இன்னொரு கேடு. அதே லுக்கானியாவில் உள்ள மத்தேரா ஊரின் 'சாஸ்ஸி' குகை வீடுகளில் ஆட்களும் ஆடுமாடுகளும் ஒரே அறையில் கிடந்ததைப் படித்த பிறகு நாடே கூசிப்போனது. 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். அதே குகைகளை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்றது. இன்று அங்கே ஓர் இரவு தங்க வாடகை கேட்டால் தலை சுற்றும்.

டூரினில் படிக்கப் போனபோது எனக்கு வீடு கிடைக்கவில்லை. போனில் நன்றாகப் பேசுவார்கள், நேரில் என்னைப் பார்த்ததும் "இப்போதுதான் வேறு ஒருவருக்குக் கொடுத்தோம்" என்பார்கள். கடைசியில் வீடு கொடுத்த அம்மாவின் குடும்பம் மத்தேராவிலிருந்து வந்தது. அவருடைய அப்பா அறுபதுகளில் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த காலத்தில், தெற்கத்திக்காரர்களுக்கு வீடில்லை என்று வாசலில் அட்டையே தொங்குமாம். "உனக்காவது வாயால் பொய் சொல்கிறார்கள்" என்று சிரித்தார். லேவியின் பெயரை அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

அப்புறம் மத்தேரா போனேன். 1961-இல், இத்தாலி ஒன்றான நூற்றாண்டுக்காக டூரினில் நடந்த கண்காட்சிக்கு லேவி வரைந்த 'லுக்கானியா 61' இப்போது அங்கே லான்ஃப்ராங்கி மாளிகையில் இருக்கிறது. ஒரு சுவரையே அடைக்கும் ஓவியம். முப்பது வயதில் இறந்துபோன ரொக்கோ ஸ்கொத்தெல்லாரோ என்ற கவிஞரை, திரிக்காரிக்கோ ஊரின் இளம் மேயரை, அதில் காணலாம். பெண்கள் சுற்றி நின்று ஒப்பாரி வைக்கிறார்கள். கொண்டாட்டத்துக்குப் படம் கேட்டால் இழவு வீட்டை வரைந்து அனுப்பியிருக்கிறார் மனுஷன்! எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

"அப்போ ரோம், ஃபிளாரன்ஸ் எல்லாம் வீணா?" என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை, தாராளமாகப் போங்கள். லேவி வடக்கத்திக்காரர், தெற்கை ரொம்பவே காவியமாக்கிவிட்டார் என்ற விமர்சனமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வசதியான வடக்கு, ஏழைத் தெற்கு என்ற பிளவு தெரியாமல் இன்றைய இத்தாலியப் படம், கதை எதுவும் முழுசாகப் பிடிபடாது.

படிக்கப் போகிறவராக இருந்தால் இன்னொன்று. வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். என் அட்டை கைக்கு வந்தபோது அது காலாவதியாகச் சில வாரங்களே பாக்கி. விடியற்காலையில் வரிசையில் நின்றால், உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மாதம் வா என்பார். அந்த ஆலங்கட்டி மழைக் கணக்கு எனக்கு அந்த வரிசையில்தான் நன்றாகப் புரிந்தது.