கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை: வடசென்னையில் யாரிடம் காட்டுவது?

அரசு மருத்துவமனை யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு தண்டையார்பேட்டை. நான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தர மாட்டேன். யாரிடம் போவது, என்ன எடுத்துப் போவது, எப்போது டாக்டரை மாற்றுவது என்று கேட்டால் சொல்வேன்.

கேள்வி (புது வண்ணாரப்பேட்டை, 34 வயதுப் பெண்): அக்கா, எட்டு மாதமாக அடிவயிற்றில் வலி. யூரின் சேரச் சேர வலி கூடும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். பகலில் மட்டும் இருபது தடவை போகிறேன். எங்கள் தெரு டாக்டர் ஒவ்வொரு முறையும் நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாடிக் தருகிறார். யூரினில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எடுத்தால் கிருமி எதுவும் இல்லை.

பதில்: "சேரச் சேர வலி கூடுகிறது, போனால் அடங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், டாக்டரிடமும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "எரிச்சல்" என்று மட்டும் சொன்னால் யாராக இருந்தாலும் கிருமி என்றுதான் நினைப்பார்கள். தெரு டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் எரிச்சலோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்ஃபெக்‌ஷன்தான். ஆனால் கல்ச்சர் சுத்தமாக இருக்கும்போது திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் சாப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வலியும் அவசரமும் இருந்து, கிருமியோ வேறு காரணமோ தென்படவில்லை என்றால் அதை சிறுநீர்ப்பை வலி நோய் என்பார்கள். இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்பது பழைய பெயர். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இதை உறுதி செய்ய ஒரே ஒரு டெஸ்ட் என்று எதுவும் கிடையாது, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர முடியும். அதனால் யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. இல்லையென்றால் சென்ட்ரல் எதிரே ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை). இரண்டிலும் யூராலஜி பிரிவு உண்டு. அரசு மருத்துவமனையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யூனிட் யூனிட்டாகப் பிரித்து ஓ.பி. நாள் வைத்திருப்பார்கள். முதல் தடவை பார்த்த யூனிட் எது, அதன் கிழமை எது என்று சீட்டிலேயே குறித்துக்கொண்டு அடுத்த முறையும் அதே கிழமையில் போங்கள். கிழமை மாறினால் டாக்டர் மாறுவார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "அங்கே யாரும் கேட்பதில்லை" என்று வருகிறவர்களில் பலர் ஒவ்வொரு தடவையும் வேறு யூனிட்டில் போய் உட்கார்ந்தவர்கள்.

கேள்வி (பெரம்பூர்): மூன்று நிமிடத்தில் எழுந்திருக்கச் சொல்லிவிடுகிறார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: வாயால் சொல்ல நினைக்காதீர்கள், ஒரு தாளை நீட்டுங்கள். மில்லி கோடு போட்ட கோப்பை ஒன்று வாங்கி, மூன்று நாளைக்கு ஒவ்வொரு முறையும் எத்தனை மணி, எத்தனை மில்லி, வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். குடித்ததையும் எழுதுங்கள், டீ உட்பட. இருபது தடவை போகிறேன் என்பதை மட்டும் வைத்து எதுவும் தெரியாது. தடவைக்கு 80 மில்லி போகிறவருக்குச் சிறுநீர்ப்பை தாங்கவில்லை. தடவைக்கு 300 மில்லி போகிறவர் சுகர் பார்க்க வேண்டும், இல்லை அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த உடனே டாக்டருக்கு இது பிடிபடும்.

அதோடு பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். அடுத்த முறை கல்ச்சர் கொடுக்கும்போது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி இருந்தாலும் வளராமல் போகலாம்.

கேள்வி (காசிமேடு): என் மகளுக்கு யூரின் ரிப்போர்ட்டில் பஸ் செல் (சீழ் அணு) நிறைய என்று இருக்கிறது, கல்ச்சரில் ஒன்றும் இல்லை. அவள் அப்பாவுக்கு முன்னால் டி.பி. இருந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம் அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். டி.பி. நுரையீரலில் மட்டும் வருவதில்லை, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் வரும். சாதாரண கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது. அதனால் பஸ் செல் இருந்தும் கல்ச்சர் சுத்தம் என்றால் டி.பி. பார்த்தே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினைப் பல நாள் தொடர்ந்து கேட்பார்கள். ஒரு நாள் கொடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு இருந்ததை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் பை சுருங்கிப்போகும், அதற்குப் பிறகு மருந்து கொடுத்தாலும் பழைய அளவுக்கு விரியாது.

கேள்வி (கொளத்தூர், 29 வயது): டாக்டர் "எல்லாம் மனசுதான், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார். அமிட்ரிப்டிலின் எழுதினார். நெட்டில் பார்த்தால் அது மன அழுத்த மாத்திரை. என்னைப் பைத்தியம் என்கிறாரா அக்கா?

பதில்: அவர் சொன்னதையும் எழுதியதையும் தனித்தனியாகப் பாருங்கள் தங்கச்சி. அந்த மாத்திரை பழைய மன அழுத்த மருந்து என்பது உண்மை. ஆனால் 10 மில்லிகிராம் போலக் குறைந்த அளவில் ராத்திரி கொடுப்பது நரம்பு வழியாக வரும் வலியை அடக்கவும், பையின் அவசரத்தைக் குறைக்கவும்தான். சிறுநீர்ப்பை வலி நோய்க்கு வழக்கமாகத் தருவதுதான். தூக்கம் வரும், வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாத்திரைக்காக டாக்டரை மாற்ற வேண்டாம். அந்தப் பேச்சுக்காக மாற்றலாம். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "சார், இந்த மாத்திரை வலிக்கா, மனசுக்கா?" சிலர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து ஒழுங்காக விளக்குவார்கள். கேட்டதற்கே எரிந்து விழுந்தால் அடுத்த முறை அங்கே போகாதீர்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): நல்ல டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கிளினிக்கில் ஒரே மாதத்தில் வேரோடு எடுக்கிறேன் என்கிறார். இன்னொருவர் முழுசாகப் போகாது என்கிறார்.

பதில்: எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கிறது. முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டுக் கையை விரித்தால் அது வேறு. "போகாது, ஆனால் குறைக்கலாம், இதை ஆறு வாரம் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் அடுத்தது இது" என்றால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் ஒருவருக்குக் கேட்கிற மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. மாத்திரை, பைக்குள் குழாய் வழியாக மருந்து விடுவது, இடுப்புத் தசைக்கு ஃபிசியோதெரபி என்று மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னும் சில அடையாளங்கள். மாதவிலக்கு நேரத்தில் கூடுகிறதா, தாம்பத்யத்தில் வலிக்கிறதா, மலம் எப்படிப் போகிறது என்று கேட்பவர் விஷயம் தெரிந்தவர். சிஸ்டாஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுப் பைக்குள் பார்ப்பது) பார்க்கச் சொன்னால் எதைத் தேடுகிறீர்கள் என்று கேளுங்கள். "ஹன்னர் புண் இருக்கிறதா என்று பார்க்க" என்பது நல்ல பதில், ஏனென்றால் பையின் உள்சுவரில் வரும் அந்தப் புண்ணைக் கண்டால் அங்கேயே சுட்டு வலியைக் குறைக்க முடியும். இந்த வலிக்குத் தரும் பென்டோசான் மாத்திரையை நெடுநாள் எழுதுகிறவர் கண் பரிசோதனையும் சொல்ல வேண்டும். அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்று 2020-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள்.

கேள்வி (வியாசர்பாடி, ஆட்டோ ஓட்டுநர்): இது பெண்களுக்கு வருகிற நோயா? எனக்கு புராஸ்டேட் என்றார்கள், மருந்து சாப்பிட்டும் அப்படியேதான் இருக்கிறது.

பதில்: பெண்களுக்கு அதிகம், ஆனால் ஆண்களுக்கும் வரும் தம்பி. அதை புராஸ்டேட் வீக்கம் என்று வருஷக்கணக்காக வைத்தியம் பார்ப்பதும் நடக்கிறது. சவாரி நேரத்தில் இறங்க முடியாது என்று தண்ணீரைக் குறைத்தால் யூரின் கெட்டியாகி இன்னும் எரியும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்து, வலி இல்லாமல் ஒரே ஒரு தடவை யூரினில் ரத்தம் போயிருந்தாலும் முதல் வேலையாக யூராலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். அது புற்றுநோய்க்கும் அடையாளம்.

கேள்வி (ராயபுரம்): அம்மாவுக்கு 58 வயது. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்கிறார்.

பதில்: பெண் யூராலஜிஸ்ட் கிடைப்பது கஷ்டம். முதலில் உங்கள் ஊர் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் மகளிர் ஓ.பி.யில் காட்டுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் வறட்சியாலும் இப்படி எரிச்சலும் அவசரமும் வரும், அதற்குத் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. யூராலஜிக்கு அனுப்பினால், பரிசோதனையின்போது பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஊழியர்): கடையில் அடிக்கடி பாத்ரூம் போனால் திட்டுகிறார்கள். டாக்டர் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். "மருத்துவக் காரணத்தால் இவர் அடிக்கடி கழிவறை செல்ல வேண்டும்" என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நோயின் பெயர் தேவையில்லை, அது முதலாளிக்கு எதற்கு? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டத்தையே திருத்தினார்கள். பாத்ரூம் போனால் இன்னும் முறைக்கிறார்கள்.

கேள்வி (எண்ணூர்): புளி, காரம் எல்லாம் நிறுத்த வேண்டுமா? யூடியூப் பார்த்து இடுப்புத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியும் செய்கிறேன்.

பதில்: எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்றில்லை. காபி, டீ, எலுமிச்சை, தக்காளி, புளி, மிளகாய், சோடா இவற்றை இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எது வலியைக் கூட்டுகிறதோ அதை மட்டும் விடுங்கள். புளி இல்லாத மீன் குழம்பை உங்களுக்குச் சிபாரிசு செய்ய எனக்கே மனசு வரவில்லை, அதனால் புளியைக் கடைசியில் சோதியுங்கள். கீகலை இன்றே நிறுத்துங்கள். இந்த வலி உள்ளவர்கள் பலருக்கு இடுப்புத் தசை ஏற்கனவே இறுகித்தான் இருக்கும், அதைத் தளர்த்தத் தெரிந்த ஃபிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

கேள்வி (மணலி): நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி. யூராலஜி ஓ.பி. வியாழக்கிழமைதான் என்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். இது சிறுநீரகத்துக்கு ஏறிய இன்ஃபெக்‌ஷனாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.