தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆனது. திரும்பும்போது ஏழு மணி நேரம்கூட இல்லை. பூமி சுழல்வதாலா?

பதில்: விமானப் பாதை போடும் வேலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். இதே கேள்வியை என் மாமனார் மூன்று முறை கேட்டிருக்கிறார். பூமி சுழலும்போது காற்றையும் சேர்த்தே கொண்டுபோகிறது. நியூயார்க் உங்களை நோக்கி ஓடி வராது.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. ஆனால் அது காற்றுக்குள் போகும் வேகம். அந்தக் காற்றே ஓடுகிறதே! பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். (அது உருவாவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்குண்டு. அந்த அளவுக்கு மாமனார் சொன்னது சரி.) 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது.

மேற்கே போகும்போது நாங்கள் அந்த ஓட்டத்தைத் தவிர்த்து, சில நாள் கிரீன்லாந்துப் பக்கமாகக்கூட வளைத்து விடுவோம். கிலோமீட்டர் கூடும், நேரம் மிச்சமாகும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அடக்கம்.