பிராஸ் பேண்டு போட்டி நடத்துறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் இருக்கறது இங்கிலாந்துல ஓல்டம் பக்கம். பிராஸ் பேண்டு போட்டிகள்ல மேடைக்குப் பின்னாடி வேலை பாக்குறேன், வெளிநாட்டுல நடக்குற ஐரோப்பிய போட்டிக்கும் வாலண்டியரா போறதுண்டு. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிருச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

செல்வா: அண்ணே, பிராஸ் பேண்டுன்னா நம்ம ஊர் கல்யாண ஊர்வலத்துல வருமே, அந்த பேண்டு செட்டு தானே? அதுக்குப் போய் இன்டர்நேஷனல் போட்டியா?

ஒரு வகையில சொந்தக்காரங்க தான் தம்பி, ஆனா இது வேற. இங்க கிளாரினெட், சாக்ஸ் கிடையாது, டிரம்பெட் கூட கிடையாது. 10 கார்னெட் (டிரம்பெட் மாதிரியே, கொஞ்சம் குட்டையா இருக்கும்), 1 ஃப்ளூகல்ஹார்ன், 3 டெனர் ஹார்ன், 2 பேரிடோன், 2 யூஃபோனியம், 3 டிராம்போன், 4 பேஸ் (டியூபா தான்), ஆகமொத்தம் 25 பேர், அதோட பெர்கஷன், அதாவது தாள வாத்திய ஆளுங்க. மில்லு, சுரங்கம்னு வேலை பாத்த ஜனங்க 19ம் நூற்றாண்டுல வளத்த விஷயம் இது. 1853ல மான்செஸ்டர் பெல் வியூ பூங்காவுல ஆரம்பிச்ச போட்டி தான் இன்னிக்கும் பிரிட்டிஷ் ஓப்பன்ங்கற பேர்ல நடக்குது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 1978ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஆரம்பிச்சது, அது வருஷா வருஷம் ஊர் மாறும், 2019ல சுவிட்சர்லாந்து மான்ட்ரூ, 2023ல மால்மோ, 2024ல லிதுவேனியாவுல பலாங்கான்னு ஒரு கடற்கரை ஊர், 2025ல நார்வே ஸ்டவாங்கர். நடுவுல 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனாவால நடக்கல.

மகேஷ்: நான் ஈவன்ட் மேனேஜ்மென்ட்ல இருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு நடத்தணும்னா முதல்ல எதைப் பாப்பீங்க? ஹால் தானே?

ஹால் எல்லாரும் பாப்பாங்க பாஸ். நான் முதல்ல பாக்குறது பின்வாசல். ஒரு பேண்டு பஸ்ஸ விட்டு எறங்குனதும் இன்ஸ்ட்ருமென்ட் பெட்டிய எங்க வைக்கிறது, ஐடி எங்க காட்டுறது, வார்ம்-அப் ரூம் எங்க, அங்கருந்து மேடைக்கு எந்த வழி, வாசிச்சு முடிச்சதும் எந்தப் பக்கம் வெளிய போறாங்க, போனா பெட்டி இருக்கற ரூமுக்கே வந்து சேருவாங்களா, இதெல்லாம் ஒன்-வே ரோடு மாதிரி இருக்கணும். முப்பது பேர் டியூபாவும் யூஃபோனியமும் தூக்கிட்டு வர்றப்ப எதிர்ல இன்னொரு முப்பது பேர் வந்தாங்கன்னா அந்த காரிடார் அவ்ளோ தான். அப்புறம் வார்ம்-அப் ரூம் சத்தம் ஹாலுக்குள்ள கேக்கவே கூடாது. அழகான ஹாலா இருக்கும், இந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம்னு விட்டுருவோம்.

கவிதா: ஜட்ஜை கூண்டுக்குள்ள போட்டு மூடிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமாவா அண்ணா?

நிஜம் தாம்மா. ஹால் நடுவுல திரை போட்டு மூடின ஒரு பெட்டி. உள்ள மேஜை, விளக்கு, ஸ்கோர் (மார்க் இல்ல, வாசிக்கிற இசையோட முழு நோட்ஸ்), பென்சில், தண்ணி, அவ்வளவு தான், போன் உள்ள போகாது. எந்த பேண்டு வாசிக்குதுன்னு ஜட்ஜுக்குத் தெரியவே கூடாதுங்கறது தான் இதுக்கெல்லாம் காரணம். வாசிக்கிற வரிசையை பேண்டு பிரதிநிதிங்க குலுக்கல்ல எடுப்பாங்க, அது ஜட்ஜ் காதுக்குப் போகாது, அவங்களுக்கு வர்றது வெறும் நம்பர் தான். மேடைல அறிவிப்பாளரும் "பேண்டு நம்பர் ஏழு" அப்படின்னு மட்டும் தான் சொல்லுவார். ஜட்ஜ் ரெடின்னா உள்ளருந்து ஒரு சிக்னல் வரும், அதுக்கப்புறம் தான் கண்டக்டர் கையைத் தூக்கலாம்.

பாத்ரூம் போறது எப்படின்னு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்குறது தான். இடைவேளைல, வழியில யாரும் இல்லன்னு பாத்துட்டு ஒரு ஆள் கூடவே போய் கூட்டிட்டு வருவாரு. ரெண்டு மூணு ஜட்ஜ் இருந்தா உள்ள பேசிக்கலாமா கூடாதான்னு விதி எழுதறப்பவே முடிவு பண்ணிடணும், பாதி நாள் ஓடினப்புறம் முடிவு பண்ற விஷயம் இல்ல அது. திறந்த முறையில ஜட்ஜ் எல்லார் கண்ணு முன்னாடியும் உக்காந்து நடத்துற போட்டிகளும் இருக்கு. என்னைக் கேட்டா பெட்டி தான் சரி. போன வருஷ சாம்பியன் மேடை ஏறினதைப் பாத்துட்டா எவ்வளவு நேர்மையான காதுக்கும் கொஞ்சம் தாராளம் வந்துரும்.

பிரபு: எல்லா பேண்டும் ஒரே பாட்டை வாசிப்பாங்களாமே, உக்காந்து கேக்குறவங்களுக்கு போர் அடிக்காதா?

ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல ரெண்டு சுத்து, ஒரு நாள் எல்லாருக்கும் ஒரே டெஸ்ட் பீஸ், இன்னொரு நாள் அவங்கவங்க தேர்ந்தெடுத்தது, ரெண்டுக்கும் தனித்தனி ஜட்ஜ் குழு. போர் அடிக்குமான்னா வெளி ஆளுக்கு அடிக்கும், ரசிகனுக்கு அது தான் ஜாலியே. ஆறாவது பேண்டு சோப்ரானோ கார்னெட்டுக்கு வர்ற அந்தக் கஷ்டமான இடத்தை எப்படி தாண்டப் போறான்னு மடில ஸ்கோரை விரிச்சு வச்சுக்கிட்டு மூச்சப் புடிச்சு உக்காந்திருப்பாங்க.

ஃபாத்திமா: அண்ணா ஷெட்யூல் எப்படி போடுறீங்க? லேட் ஆகாதா?

இங்க தான் எங்க உயிரே இருக்கு. கணக்கு பாருங்க, டெஸ்ட் பீஸ் 15 நிமிஷம், மேடை மாத்த 10 நிமிஷம், 12 பேண்டுன்னா இடைவேளை இல்லாமலே 5 மணி நேரம். ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5 நிமிஷம் கூடிச்சுன்னா ஒரு மணி நேரம் போச்சு, சாயங்காலம் நடக்குற விழாக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினவன் வெளிய குளிர்ல நிக்கிறான், பெட்டிக்குள்ள ஜட்ஜுக்கு முதல் பேண்டு எப்படி வாசிச்சதுன்னே மங்கலாயிருக்கும்.

நேரத்தைத் திங்கிறது ஊதுறவங்க இல்ல, பெர்கஷன். டிம்பனி (தொட்டி மாதிரி பெரிய டிரம்), மரிம்பா, சைலோஃபோன், டியூபுலர் பெல்ஸ், டாம்டாம், இதெல்லாத்தையும் ஒவ்வொரு பேண்டும் தனித்தனியா கொண்டு வந்தா விடிஞ்சிரும். அதனால பெரிய சாமானை எல்லாம் போட்டி நடத்துறவங்களே வாடகைக்கு எடுத்து மேடைலயே போட்டுருவாங்க, பேண்டு குச்சியும் சின்ன சாமானும் எடுத்துட்டு வந்தா போதும். அதுலயும் சிக்கல் உண்டு, டிம்பனி பெரிய தொட்டி வலது கை பக்கமா இடது கை பக்கமாங்கறது ஊருக்கு ஊரு மாறும், ஜெர்மனி பழக்கம் வேற, இங்க வேற. ஒவ்வொரு பேண்டுகிட்டயும் மேடை படம் முன்கூட்டியே வாங்கி, தரைல கலர் டேப் ஒட்டி வச்சுருவோம், பேண்டுக்கு ஒரு கலர். என் வேலைல பாதி அந்த டேப் தான்.

அருண்: காசு குடுத்து வெளி பேண்டுலருந்து நல்ல கார்னெட் ஆளை அன்னிக்கு மட்டும் இறக்கிட்டா என்ன பண்ணுவீங்க?

அதுக்குத் தான் ரெஜிஸ்ட்ரேஷன். யார் எந்த பேண்டுங்கறது முன்னாடியே பதிவாயிருக்கணும், வெளி ஆளை எத்தனை பேர் எடுக்கலாம், எதுக்கு எடுக்கலாம்னு விதி இருக்கும், மேடை ஏறுறதுக்கு முன்னாடி போட்டோவும் கையெழுத்தும் ஒத்துப் பாப்போம். பிளாக் டைக், கோரி மாதிரி பெரிய பேண்டுலயே நிறைய பேர் பகல்ல வேற வேலை பாக்குறவங்க தான், டீச்சர், இன்ஜினியர்னு. பரிசுப் பணத்துக்காக யாரும் இந்தப் பாடு படறதில்ல, பட்டத்துக்காக.

ரமேஷ்: சரி, இவ்வளவுக்கும் பணம் எங்கருந்து வருது?

போட்டி டிக்கெட்ல சம்பாதிக்கலாம்னு எறங்கினா தலைல துண்டு தான். அதனால தான் போட்டியை ஃபெஸ்டிவலாக்குறது. சாம்பியன்ஷிப்போட சேத்து யூத் பேண்டு போட்டி, சோலோ வாசிக்கிறவங்களுக்கு, இசையமைப்பாளர்களுக்கு, கண்டக்டர்களுக்குன்னு தனித்தனிப் போட்டி, பல நாட்டுப் பசங்களை ஒரு வாரம் கூட்டிவச்சு பயிற்சி குடுத்து உருவாக்குற ஐரோப்பிய யூத் பேண்டு, ராத்திரி கச்சேரி, தெருவுல இலவச வாசிப்பு. இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனிங்க ஸ்டால் போடுவாங்க, நோட்ஸ் விக்கிற பதிப்பகங்க வருவாங்க, லைவ் ஸ்ட்ரீம் சந்தா வரும். ஆனா பெரிய தொகை நகராட்சி கிட்டருந்து தான். அவங்க கிட்ட போய் கலை, பண்பாடுன்னு பேசினா காபி குடுத்து அனுப்பிருவாங்க. ஒரு பேண்டுக்கு முப்பத்தஞ்சு பேர், அவங்க குடும்பம், ரசிகர்கள், மூணு நாலு ராத்திரி ஹோட்டல், சாப்பாடுன்னு கணக்கை எடுத்து வைக்கணும், அதுவும் டூரிஸ்ட் வராத சீசன்ல.

ஜெனிஃபர்: வெளிநாட்டு பேண்டுக்கு விசா, கஸ்டம்ஸ் தொல்லை எப்படி சார்?

ஐரோப்பிய யூனியனுக்குள்ளன்னா பிரச்சனை இல்ல. பிரிட்டன் யூனியனை விட்டு வெளிய வந்ததால, 2021லருந்து பிரிட்டன் பேண்டுங்க தான் பேப்பரோட அலையுது. கையில கூடவே எடுத்துட்டுப் போற இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு கார்னே (சாமானைத் தற்காலிகமா வெளிநாட்டுக்குக் கொண்டு போய் வர்றதுக்கான கஸ்டம்ஸ் பேப்பர்) வேண்டாம், தனி லாரில அனுப்பினா தேவைப்படும். நான் எல்லா பேண்டுக்கும் சொல்றது ஒண்ணு தான், சீரியல் நம்பரோட ஒரு லிஸ்ட் அடிச்சு கையில வச்சுக்கோங்க.

ஸ்டீபன், நாகர்கோவில்: எங்க பக்கம் இரட்சணிய சேனை பேண்டு இருக்கு, கார்னெட், யூஃபோனியம் எல்லாம் உண்டு. பெரிய போட்டின்னா நேரா நுழைய முடியாதுன்னு தெரியும், சும்மா வந்து கலந்துக்க எது நல்லது?

சார், உங்க கிட்ட இருக்கறது இதே குடும்பத்து பேண்டு தான். ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு அந்தந்த நாட்டு தேசியப் போட்டில ஜெயிச்சு வரணும், அது ஆகாது. ஆனா எங்க ஊர்ப் பக்கம் விட் ஃப்ரைடே இருக்கு, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. சேடில்வர்த், டேம்சைட் கிராமங்கள்ல ஒரே சாயங்காலத்துல ஒவ்வொரு கிராமமும் தனித்தனியா போட்டி நடத்தும், நூறு பேண்டுக்கு மேல வரும். பஸ்ஸ விட்டு எறங்கி தெருவுல மார்ச் வாசிச்சுக்கிட்டே நடந்து போய், மைதானத்துல நின்னு இன்னொரு மார்ச் வாசிச்சுட்டு, ஓடிப் போய் பஸ் ஏறி அடுத்த கிராமம். ஜட்ஜ் கண்ணுல படாம கேரவன்லயோ மாடி ரூம்லயோ திரை போட்டு உக்காந்திருப்பாரு. உலக சாம்பியனுக்குப் பின்னாடியே வரிசைல ஸ்கூல் பேண்டு நிக்கும். யாரும் அழைப்பிதழ் அனுப்ப மாட்டாங்க, வந்து பேர் குடுத்தா வாசிக்கலாம். மழைக்கு மட்டும் ரெடியா வாங்க, நோட்ஸை பிளாஸ்டிக் கவர்ல போடாம வந்துராதீங்க.

தினேஷ்: ரிசல்ட் சொன்னதும் சண்டை வராதா?

வராம இருக்குமா. பப்ல விடிய விடிய வரும். நடத்துறவங்க மேல வராம இருந்தா போதும், அதுக்கு வழி ஜட்ஜ் எழுதின குறிப்பை அன்னிக்கே பேண்டு கையில குடுத்துடறது.

நித்யா: நான் மான்செஸ்டர்ல படிக்கிறேன், வாலண்டியரா வரணும்னா இசை தெரியணுமா அண்ணா?

வேண்டாம்மா. ஸ்டேஜ் டீம்ல பேர் குடு, எப்பவும் ஆள் பத்தாது. கறுப்பு பேன்ட், கறுப்பு டி-ஷர்ட், சத்தம் போடாத ஷூ, ஹால் மரத்தரைல கீச்சு கீச்சுன்னா உள்ள ஜட்ஜுக்குக் கேக்கும். டிம்பனிய நகத்தறப்ப விளிம்பைப் புடிக்காத, கீழ ஃப்ரேமைப் புடிச்சுத் தள்ளணும், முக்கியமா பிரேக்கை எடுத்து விட்டுட்டுத் தள்ளு. சாண்ட்விச் நீயே கொண்டு வந்துரு, எங்க சாப்பாட்டு இடைவேளைய தான் முதல்ல வெட்டுவாங்க.