தொடை மரத்துப்போகாத மரமேறும் ஹார்னஸ் எது?

அகலமான இடுப்புப் பட்டை, பஞ்சு வைத்த தனித்தனித் தொடைப் பட்டைகள், முன்பக்கம் இரு வளையங்களை இணைக்கும் பிரிட்ஜ் கயிறு, இந்த மூன்றும் உள்ள மரமேறும் ஹார்னஸை, அதாவது உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையை, வாங்குங்கள். இ.என். 813, இ.என். 358 என்ற இரண்டு ஐரோப்பியத் தர எண்களும் லேபிளில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் கவாத்து செய்யும்போது அரை மணி நேரத்தில் தொடை மரத்துவிடுகிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் நீங்கள் போட்டிருக்கும் கட்டட வேலை ஹார்னஸ்தான். அது விழுபவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது. அதிலேயே உட்கார்ந்தால் ஒல்லியான நாடா தொடை இடுக்கை அழுத்தும்.

பிரிட்ஜ் கயிற்றில், ஏறும் கயிற்றை மாட்டும் வளையம் இடம் வலமாக நகரும். கிளையை எட்டிச் சாயும்போது இடுப்பு முறுகாது. நாள் முழுக்க வெட்டுபவருக்கு இதுதான் பெரிய ஆறுதல், விலை கூடினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன் அரிவாள், ரம்பம் எல்லாம் மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பதினைந்து நிமிடம் தொங்கிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும். கீழே சரிந்தால் அளவு பெரிது. அப்புறம், தொடைப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தியும் பாருங்கள். பலர் அதை அதிகமாக இறுக்கிவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பிரிட்ஜ் கயிறு தேயும். ஒவ்வொரு நாளும் ஏறும் முன் விரலால் தடவிப் பாருங்கள். பட்டையில் நீங்களாக ஊசி போட்டுத் தைக்கவே கூடாது. ஹார்னஸ் மாற்றியும் மரமரப்பு போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.