புலிக்குகைக்கு இரண்டு நிமிட நடை: அண்ணன் கட்டிய மாடியும் தங்கையின் பங்கும்

கேள்வி: மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் அப்பா 1987-ல் 15 சென்ட் வாங்கி ஓட்டு வீடு கட்டினார். பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான் கழிந்தது. 2014-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான், தங்கை என நால்வர் பெயரில் கூட்டுப் பட்டா. அண்ணன் 2021-ல் அனுமதி வாங்காமல் மாடி எழுப்பி, “புலிக்குகைக்கு இரண்டு நிமிட நடை, கடற்கரைக் கோயிலும் முதலைப் பண்ணையும் அருகில்” என இணையத்தில் விளம்பரம் செய்து நாள் வாடகைக்கு விடுகிறார். ஒரு ரூபாய் தந்ததில்லை. போன மாதம் பூட்டையும் மாற்றிவிட்டார். கேட்டால், “உனக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே” என்கிறார். மாடியை இடிக்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்துவிட்டுப் பாகப்பிரிவினை வழக்கும் போடலாமா?

பதில்: பங்கு விஷயம் எளிது. அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கல்யாண நகை அதைக் குறைக்காது. ஓடு மாற்ற யார் பணம் போட்டார், அம்மாவை யார் பார்த்துக்கொண்டார் என்பதும் பங்கை மாற்றாது. வாடகைக்கு மூன்று வருடக் கணக்குக் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: கூட்டுப் பட்டா நிலத்தில் அனுமதியில்லாத மாடி. அது அண்ணனின் தலைவலி என்று நினைக்கிறீர்கள். கால் பங்கு உங்களுடையதும்தான். நோட்டீஸ் வந்தால் பட்டாவில் உள்ள நால்வர் பெயருக்கும் வரும்.

புலிக்குகை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பலர் குகை வாசலிலிருந்து டேப் பிடித்து “தாண்டிவிட்டது” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். தூரம் பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து கணக்கு. “இரண்டு நிமிட நடை” என்ற விளம்பரம், நீங்கள் இந்த 300 மீட்டருக்குள் இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி தனி. ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் கட்டுமானத் தடை. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்ப்புறங்களுக்கு மட்டும் இதை 50 மீட்டராகக் குறைத்தது. அந்தக் கோடு இன்று அலை வந்து தொடும் இடம் அல்ல, கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறித்த கோடு. இந்த விதியை மீறியதற்காக 2020 ஜனவரியில் கொச்சி மரடில் அடுக்குமாடிக் குடியிருப்புகளையே உச்ச நீதிமன்ற உத்தரவில் தகர்த்தார்கள். ஒரு மாடிக்கு யாரும் தயங்கமாட்டார்கள்.

கோபத்தில் மனு கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆறு மாதத்தில் குடும்பம் சமாதானமாகிவிடும், துறையின் கோப்பு சமாதானமாகாது. “வாபஸ் வாங்குகிறேன்” என்று எழுதிக் கொடுத்தாலும் விதிமீறல் விதிமீறல்தான். ஆய்வுக்கு வருபவர் பழைய ஓட்டு வீட்டுக்கும் ஆதாரம் கேட்பார். கடலோர விதி 1991 பிப்ரவரியிலும், சின்னங்களைச் சுற்றிய தடை 1992 ஜூனிலும் வந்தவை. அதற்கு முந்தைய வீடு என்றால் அனுமதி பெற்றுப் பழுதுபார்க்க வழி உண்டு. ஆனால் காகிதம் வேண்டும்: பஞ்சாயத்து ஒப்புதல் வரைபடம், அந்தக் காலத்து வீட்டு வரி ரசீது, மின் இணைப்புத் தேதி. இவை இல்லாமல் மனு கொடுத்தால் மாடியோடு அப்பா கட்டிய வீட்டையும் இழக்கலாம்.

வழக்கிலும் அதே ஆபத்து. நிலத்தை அளக்க நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் மாடியைப் போட்டோவோடு அறிக்கையில் ஏற்றுவார். 15 சென்டில் ஒற்றை வீட்டை நாலாகப் பிரிக்க முடியாது, ஏலம்தான். நீங்களும் தங்கையும் சேர்ந்தால் பாதிப் பங்கு, வீட்டை ஏலம் விடக் கோரும் தகுதி வந்துவிடும். நீங்கள் அப்படிக் கோரியதுமே, நீதிமன்ற மதிப்பில் உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள அண்ணனுக்கு உரிமை உண்டு. பல வருடம் அலைந்து நீங்கள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

கட்டணத்தையும் பாருங்கள். “என்னை அடியோடு வெளியேற்றிவிட்டார்” என்று மனுவில் எழுதினால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பங்கு 75 லட்சம் என்றால் இரண்டேகால் லட்சம். கூட்டு அனுபவத்தில், அதாவது சொத்தை மற்றவர்களோடு சேர்ந்து வைத்திருக்கும் நிலையில், இருப்பவருக்குச் சிறு நிலையான கட்டணம்தான். ஒரு பங்குதாரரின் அனுபவம் மற்றவர்களுக்காகவும்தான் என்பது சட்டம். பூட்டு மாற்றியதால் மட்டும் அது போய்விடாது. நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வெளியேற்றிவிட்டார் என்று நீங்களே எழுதும் நாள், அவர் பிறகு எதிரிடை அனுபவம் (இத்தனை காலம் நானே வைத்திருந்தேன், சொத்து எனக்கே என்ற வாதம்) பேச 12 ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகிவிடலாம்.

ஆகவே சமரசம் பேசுங்கள். வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும். சர்வேயரை வைத்துச் சின்னத்தின் எல்லை, உயர் அலைக்கோடு இரண்டிலிருந்தும் உள்ள தூரங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்துக்கும் பழைய வீட்டுக்கும் மட்டும் விலை பேசுங்கள். மாடியை மதிப்பில் சேர்த்துக் கேட்டால், அது உங்களுடையதும் என்று நீங்களே சொன்னதாகும். தங்கையும் கூடவே நிற்கவேண்டும். அம்மா தன் கால் பங்கை யாருக்கும் செட்டில்மென்ட் எழுதலாம், தடுக்க முடியாது. பேச்சு தள்ளிப்போகப் போக அது அண்ணன் பெயருக்குப் போகும் வாய்ப்பு கூடும்.

முடித்துக்கொள்வது, உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில்தான். நோட்டரி பேப்பரில் எழுதினால் செல்லாது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000. “தொகை பெற்றுக்கொண்டேன்” என்ற வரியில் கையெழுத்திடும் முன் டிடி உங்கள் கையில் இருக்கவேண்டும். பின்தேதி காசோலை வாங்கினால் பங்கும் போய், பணத்துக்குத் தனி வழக்கும் நடத்தவேண்டி வரும். மாடியால் வரும் நோட்டீஸ், அபராதம், இடிப்புச் செலவு எல்லாம் அண்ணன் பொறுப்பு, உங்களிடம் வசூலானால் அவர் ஈடுகட்டவேண்டும் என்ற ஷரத்தைத் தேதிகளோடு சேருங்கள். அது துறையைத் தடுக்காது, ஆனால் கட்டிய பணத்தை அவரிடம் திரும்பக் கேட்கக் கையில் ஆதாரம் இருக்கும். பதிவு முடிந்த வாரமே பட்டாவிலிருந்து உங்கள் பெயரை நீக்க விண்ணப்பியுங்கள்.